கொசு வளர்க்கும் உத்தியோகம்

சின்னவள் விலங்கியலில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷம் ஒரு வேளைச் சாப்பாடு வரைக்கும் நீடித்தது. சாப்பிட்டு முடித்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே அத்தான் கேட்டார்.

"சரி, அடுத்து என்ன?"

அத்தான் என்றால் அக்காவின் கணவர். நல்ல மனுஷர். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், நின்றதோடு விடாமல் யோசனையும் சொல்வார். அவருடைய கேள்விக்கு வீட்டில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அவள் டீச்சர் ஆகவேண்டும். அக்காவுக்கு அவள் எதுவாக இருந்தாலும் ஏசி அறைக்குள் இருக்கவேண்டும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கயிற்றையும் கப்பியையும் பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு அவசரம் என்பதே பிடிக்காது. "அவ பார்த்துக்குவா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

சின்னவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மருந்துக் கம்பெனியில் வண்டி ஓட்டத் தெரியுமா, ஆளைப் பார்த்துச் சிரித்துப் பேச வருமா என்று கேட்டார்கள். மூன்று வருஷம் உருப்போட்ட தவளையின் இதயத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வா என்றார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறதே என்று அனுதாபமாகத் தலையை ஆட்டினார்கள். உயிரியல் படித்தவர்களுக்கு எல்லாக் கதவும் பாதி திறந்திருக்கும், மீதியைத் திறக்க இன்னொரு சான்றிதழைக் கொண்டு வா என்பார்கள் என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது.

அத்தானும் ஒரு காலத்தில் தாவரவியல் படித்தவர்தான். இப்போது மெடிக்கல் கோடிங் கம்பெனியில் டீம் லீடர். ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிற நோயாளிக் குறிப்புகளைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண், இன்ன சிகிச்சைக்கு இன்ன எண் என்று போட்டுக் கொடுக்கவேண்டும். அதை வைத்துத்தான் இன்ஷூரன்ஸ்காரர்கள் பணம் கொடுப்பார்கள். அங்கே அவளுக்கு ஓர் இடம் பேசி வைத்தார். சம்பளத்தை அவர் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றுகொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை."

அவர் இன்னொரு தடவை சொன்னார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அதே வாரத்தில்தான் சின்னவள் இன்னொரு இடத்துக்கும் நேர்முகத்துக்குப் போனாள். கொசு விரட்டும் களிம்பு, திரவம், சுருள் இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கம்பெனிகளுக்குச் சோதித்துச் சொல்கிற சின்ன ஆய்வகம் அது. ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. கீழே சைக்கிள் கடை, முதல் மாடியில் வக்கீல் ஆபீஸ். சோதிப்பதற்குக் கொசு வேண்டும் அல்லவா? நோய்நொடி இல்லாத, வயது தெரிந்த, நன்றாகப் பசிக்கிற கொசுக்கள் நாள்தோறும் வேண்டும். அவற்றை வளர்க்க ஓர் ஆள் வேண்டும்.

நடத்துகிறவர் நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டிய ஓர் அம்மாள். பூச்சியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். அவர் அவளுடைய மதிப்பெண்களைப் பார்க்கவே இல்லை. மேஜை மேலிருந்த வலைக்கூண்டைக் காட்டினார்.

"கையை உள்ளே விடறீங்களா?"

சின்னவள் கூண்டையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கையை விட்டாள். ஒன்றும் கடிக்கவில்லை. டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"பயமா இல்லையா?"

"எல்லாமே ஆண் கொசு மேடம். மீசையைப் பாருங்க, எப்படிப் புசுபுசுன்னு இருக்கு. சர்க்கரைத் தண்ணியத் தவிர இதுங்களுக்கு வேற எதுவும் தெரியாது."

டாக்டர் சிரித்தார். "திங்கட்கிழமை வந்துடுங்க. சம்பளம் கம்மிதான், அதை இப்பவே சொல்லிடறேன்."

கம்மிதான். அத்தான் சொன்னதில் பாதிக்கு ஒரு பிடி மேலே. அன்று சாயங்காலம் அவள் விஷயத்தைச் சொன்னபோது அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டாள். அம்மாவுக்குத் தையல்தான் தொழில். வீட்டு முன்னறையே கடை.

"என்ன வேலைன்னு சொன்னே?"

"கொசு வளர்க்கறது."

"ஊரே கொசுவை அடிச்சுக்கிட்டு இருக்கு. நீ காசு வாங்கிக்கிட்டு அதை வளர்க்கப் போறியா?"

"அது வேற கொசும்மா."

"கடிக்குமா?"

"கடிக்கும்."

"அப்ப அதே கொசுதான்!"

அத்தான் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கணக்குச் சொன்னார். அங்கே அஞ்சு வருஷத்தில் எங்கே நிற்பாய், இங்கே எங்கே நிற்பாய் என்று விரல்விட்டு விளக்கினார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு இது பிடிச்சிருக்கு அத்தான்" என்றாள். அவர் விரல்களை மடக்கிக்கொண்டார். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "பஸ் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

வேலை அவளுக்குக் கையில் ஒட்டிக்கொண்டது. கொசு அறை எப்போதும் வெதுவெதுவென்று ஈரமாக இருக்கும். நுழைந்ததும் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் தெரியாது. ஒரு பக்கம் அடுக்கடுக்காக வெள்ளைத் தட்டுகள். தண்ணீருக்குள் புழுக்கள் நெளிந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு மீன் தீனியை மாவாகப் பொடித்துத் தூவவேண்டும். அதிகம் போட்டால் தண்ணீர் நாறிப்போகும், குறைத்தால் புழு சவலையாகிவிடும். புழு கூட்டுப்புழுவாகிக் காற்புள்ளி மாதிரிச் சுருண்டதும் சின்னக் குழாயால் உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டுக் கூண்டுக்குள் வைக்கவேண்டும். முதல் மாதத்தில் பாதியைத் தரையில் சிந்தினாள். மூன்றாம் மாதம் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சியே எந்தத் தட்டில் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள்.

அங்கே அவளோடு வேலை பார்த்தவர் ஒரே ஒருவர், ஆறடி உயரத்துக்கு நூல் பிடித்தமாதிரி இருப்பார். எல்லோருக்கும் அவர் ஒல்லியண்ணன். சோதனை நாட்களில் இருவரும் மாறி மாறிக் கூண்டுக்குள் கையை விடுவார்கள். முதலில் வெறும் கை. கொசுக்கள் ஓடி வந்து உட்காரவேண்டும். அப்போதுதான் அவற்றுக்குப் பசி இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு அப்புறம்தான் மருந்து தடவிய கை. வெறும் கையில் கொசு உட்காராவிட்டால் அன்றைய சோதனையே செல்லாது.

அம்மாவுக்கு இந்த வெறும் கைதான் பொறுக்கவில்லை. ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது சின்னவளுடைய முழங்கைக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகத் தடித்திருப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்காது.

"பெத்து வளர்த்து, கொசுவுக்குத் தீனியா அனுப்பறேன் பாரு" என்பாள்.

"ராத்திரிக்குள்ள மறைஞ்சிடும்மா. நம்ம வீட்டுக் கொசு கடிச்சா மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே!"

அம்மா ரசத்தில் உப்பு சரியா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். ஆனால் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள் என்பது யாருக்கும் தெரியாது.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு பெரிய கம்பெனி புதுக் களிம்பைச் சோதிக்கக் கொடுத்திருந்தது. ஆய்வகத்துக்கு அந்த வருஷம் கிடைத்த பெரிய வேலை அதுதான். திங்கட்கிழமை காலை சின்னவள் கையை வாசனையில்லாத சோப்பால் கழுவித் துடைத்து, ஆய்வகத்தில் போடுகிற வெள்ளைக் கோட்டின் கையை இறக்கிவிட்டுக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள். முறை வந்ததும் கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கூண்டுக்குள் நீட்டினாள்.

ஒரு கொசுகூடக் கிட்டே வரவில்லை. கூண்டின் அந்த மூலையில் போய் ஒண்டிக்கொண்டன.

"பசி இல்லையோ?" என்றார் ஒல்லியண்ணன்.

வேறு கூண்டு மாற்றிப் பார்த்தார்கள். அதிலும் அதே கதை. டாக்டரின் முகம் இறுகியது. "வளர்ப்புல ஏதோ கோளாறு. தீனி, தண்ணி, சூடு எல்லாத்தையும் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். வளர்ப்பு என்றால் சின்னவள்தானே! தட்டு தட்டாகப் பார்த்தாள். தண்ணீர் நாறவில்லை. புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. வெப்பமானி சரியாகத்தான் காட்டியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஒல்லியண்ணன் சும்மா இருக்கமாட்டாமல் தன் கையை அதே கூண்டுக்குள் விட்டுப் பார்த்தார். மறு நிமிஷம் "ஐயோ!" என்று வெளியே இழுத்தார். கை முழுக்கக் கொசு.

"கொசு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. உன்னைத்தான் அதுங்களுக்குப் பிடிக்கலை."

அவர் கையை இழுத்த அவசரத்தில் வெளியே தப்பி வந்த கொசு ஒன்று அறையைச் சுற்றிவிட்டுச் சின்னவளின் கோட்டுக் கையில் உட்கார்ந்தது. அவள் அசையாமல் அதையே பார்த்தாள். கொசு இரண்டு தடவை காலை உதறியது. தள்ளாடியது. பொத்தென்று மல்லாந்து மேஜையில் விழுந்தது.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கோட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு கொசு அறையை விட்டு வெளியே ஓடினாள். மாடிப்படியில் நின்று அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுகக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள். சனிக்கிழமைதோறும் கோட்டைத் துவைக்க வீட்டுக்குக் கொண்டுபோவது அவள் வழக்கம்.

"அம்மா, கோட்டுல என்ன போட்டே?"

அந்தப் பக்கத்தில் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"என்ன போட்டேன்? ஒண்ணும் போடலையே."

"அம்மா!"

"கொசுவலையை முக்கி எடுக்கற மருந்து கடையில விக்கறாங்கல்ல, அதுல கோட்டுக் கையை மட்டும் நனைச்சேன். துணிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு பாட்டில்லயே போட்டிருக்கு."

"துணிக்கு ஆகாதும்மா. என் வேலைக்கு ஆகும்."

"நான் உன் கோட்டுலதானே போட்டேன், அதுங்க மேலயா போட்டேன்?" என்றாள் அம்மா. குரல் மட்டும் தழைந்துபோயிருந்தது.

சின்னவள் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லாமல் புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு போய்விடலாம். கொசு திரும்பவும் உட்காரும், ஏதோ கோளாறு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கோட்டோடு அவள் காலையிலிருந்து எல்லாக் கூண்டுகளுக்கும் பக்கத்தில் போயிருக்கிறாள், தட்டுகளைத் தொட்டிருக்கிறாள். எது எப்போது சாகும் என்று யாருக்குத் தெரியும்? எழுந்து நேரே டாக்டரின் அறைக்குப் போனாள். பையை மேஜைமேல் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு, "அந்தப் பையைக் கட்டடத்தை விட்டு வெளியே போடுங்க" என்றார். "அறை முழுக்கத் துடைக்கணும். நீங்க தொட்ட தட்டு எல்லாத்தையும் கொட்டிட்டு முட்டையிலிருந்து மறுபடி ஆரம்பிங்க. கம்பெனிகிட்ட நான் அவகாசம் கேட்டுக்கறேன்."

"சரி மேடம்."

"இன்னொண்ணு. உங்க அம்மாவை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க."

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் அவளும் ஒல்லியண்ணனும் முதுகு ஒடியத் துடைத்தார்கள், கொட்டினார்கள், கழுவினார்கள். ஈரத் தாளில் ஒட்டவைத்திருந்த முட்டைகள் நல்லவேளையாக வேறொரு பெட்டியில் பத்திரமாக இருந்தன. அவற்றைத் தண்ணீரில் விட்டதும் மறுநாளே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத புழுக்கள் தட்டில் தூசி மாதிரி ஆடின. அதைப் பார்த்தபோது அவளுக்கு வந்த நிம்மதி, பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட வந்ததில்லை.

அம்மா வந்தது ஒரு வியாழக்கிழமை. விசேஷத்துக்குப் போகிற உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, வழி முழுக்க, "உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா? நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். ஆனால் உள்ளே போனதும் டாக்டர் நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ வரவழைத்ததில் பயம் பாதி தெளிந்துவிட்டது. டாக்டர் என்கிற பெயரைக் கேட்டு மீதியும் தெளிந்து, "படி ஏறினா முட்டி வலிக்குதுங்க டாக்டர், எதனாலன்னு தெரியலை" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, அவங்க பூச்சி டாக்டர்" என்று சின்னவள் பல்லைக் கடித்தாள்.

"பூச்சிக்கும் முட்டி இருக்கும்ல?"

"இருக்கு" என்றார் டாக்டர் சிரிக்காமல். "ஆறு காலுக்கும் இருக்கு. வலிக்குதான்னு கேட்டுச் சொல்றேன்."

அதற்கப்புறம் அவரே அம்மாவைக் கொசு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தட்டுகளைக் காட்டினார். இங்கே சோதித்துச் சொல்கிற மருந்தைத்தான் ஊரெல்லாம் குழந்தைகளுக்குத் தடவுகிறார்கள், அது பொய் மருந்தாக இருந்தால் காய்ச்சல் வரும், அதனால்தான் இந்தக் கொசு வேண்டும் என்று சொன்னார். "உங்க பொண்ணு கை ராசியான கை. இந்த அறை இவ்வளவு சுத்தமா இருந்து நான் பார்த்ததில்லை. தப்பு நடந்ததும் நேரா வந்து சொன்னா பாருங்க, அதுக்காகத்தான் உங்களைப் பார்க்கணும்னு நினைச்சேன். திட்டறதுக்கு இல்லை."

அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டே ஒரு கூண்டின் வாயில் தைத்திருந்த துணிக் குழாயைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை அதற்குள் விட்டால் கொசு வெளியே வராமல் தடுப்பதற்கான துணி அது.

"இது யாருங்க தைச்சது?"

"ஒல்லியண்ணன்" என்றாள் சின்னவள்.

"அதான் பார்த்தேன்" என்றாள் அம்மா. பிறகு துணியை விட்டுவிட்டு, வழியில் கையெடுத்துக் கும்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு வந்த அதே அம்மா, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"எல்லாம் சரிங்க டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகூட வந்து தீனி போடறா. கை ராசின்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் சம்பளம் மட்டும் ஏன் இப்படி?"

சின்னவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஒல்லியண்ணன் திடீரென்று தட்டுகளை எண்ண ஆரம்பித்தார். டாக்டர் மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை.

"நியாயமான கேள்வி. நான் முதல் வேலையில சேரும்போது எனக்கு இதைவிடக் கம்மி. இந்தப் படிப்புக்கு ஆரம்பத்துல அப்படித்தான். நிறையப் பேர் படிக்கறாங்க, இடம் கொஞ்சம். ஆனா கை பழகின ஆள் கிடைக்கறது அதைவிடக் கஷ்டம். அஞ்சாறு வருஷம் நின்னுட்டா உங்க பொண்ணைத் தேடி வருவாங்க. அதுவரைக்கும் நான் ஓட விடக்கூடாது இல்லையா? இந்தக் களிம்பு வேலை நல்லபடியா முடியட்டும். நானே பேசறேன். மேல படிக்க ஆசைப்பட்டாலும் இங்க இருந்துகிட்டே படிக்கலாம்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"அம்மா!"

"கொடுக்கறேன்" என்றார் டாக்டர்.

களிம்புச் சோதனை நல்லபடியாகவே முடிந்தது. களிம்பும் நல்ல களிம்புதான், கம்பெனிக்காரர்கள் மகிழ்ந்துபோனார்கள். அடுத்த மாதம் சம்பளம் ஏறியது. அத்தான் சொன்ன சம்பளத்தை இன்னும் எட்டவில்லை, ஆனால் எட்டிப் பார்க்கும் தூரத்துக்கு வந்திருந்தது. கூண்டுகளுக்குப் புதுத் துணிக் குழாய் தைக்கும் வேலை அம்மாவுக்குப் போயிற்று. மகள் வேலை பார்க்கிற இடமாயிற்றே என்று குறைத்துக்கொள்ளாமல் முழுக் கூலி வாங்கினாள்.

அந்த வாரம் அக்காவும் அத்தானும் சாப்பிட வந்திருந்தார்கள். அத்தான் புதுச் சம்பளத்தைக் கேட்டார், மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார், "பரவாயில்லை, பரவாயில்லை" என்று தலையாட்டினார். சாப்பிட்ட பிறகு அவரும் சின்னவளும் மொட்டை மாடிக்குப் போய்க் காற்றாட நின்றார்கள்.

"என் மேல உங்களுக்கு வருத்தம் இல்லையே அத்தான்? நீங்க பேசி வெச்ச இடத்தை வேண்டாம்னுட்டேன்."

"சேச்சே! அந்த இடத்துக்கு வந்த பொண்ணும் உயிரியல்தான். நல்லா வேலை பண்றா." அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "எல்லாரும் நினைக்கறாங்க, நான் படிச்சதை விட்டுட்டு சம்பளத்துக்காகக் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருக்கேன்னு. முதல் வருஷம் எனக்கே அப்படித்தான் இருந்துச்சு. இப்ப அப்படி இல்லை. ஒரு ஆளோட குறிப்பைப் படிச்சா, அவருக்கு எது முதல்ல கெட்டுப்போச்சு, அதனால எது கெட்டுச்சு, டாக்டர் எங்க போய்ப் பிடிச்சு நிறுத்தினாருன்னு கதை மாதிரி தெரியுது. சில நாள் மத்தியானம் சாப்பிட மறந்துடறேன்."

"அக்கா திட்டறதில்லையா?"

"அதுக்கு ஒரு எண் இருந்தா தினமும் போடலாம்."

இருவரும் சிரித்தார்கள். அவருக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. அவரும் அதை யாரிடமும் சொன்னதில்லை போலிருக்கிறது. சொன்ன பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டமாதிரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மேல படிக்கறதா இருந்தா சொல்லு. முதல் ஃபீஸ் என்னுது" என்றார்.

"சம்பளம் வாங்கறேன் அத்தான். நானே கட்டிக்குவேன்."

"கட்டு, கட்டு. புத்தகமாவது வாங்கித் தரேன்."

வருகிற பருவத்தில் சேருவதாக அவள் முடிவு செய்துவிட்டாள். வேலையை விடாமல், சாயங்கால வகுப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல அப்பா அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டார். புழுக்களுக்கு லீவு கிடையாது. பூட்டைத் திறந்து உள்ளே போனாள். தட்டு தட்டாகத் தீனி தூவினாள். ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டுப்புழுக்கள் உடைந்து ஒரு கூண்டு முழுக்கப் புதுக் கொசுக்கள் வந்திருந்தன. இறக்கை இன்னும் முழுசாக விறைக்காமல், வலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தொங்கின. அவற்றுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்தாள். முன்னாலேயே இறக்கை காய்ந்திருந்த பத்துப் பதினைந்து சட்டென்று வந்து மொய்த்தன.

கீழே அப்பா ஹாரன் அடித்தார். அவளுக்கும் பசித்தது. கையைக் கழுவிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கினாள்.